பீட்டில் கதவுக்குப் புது உள்பலகை: பொருத்திப் பார்த்த பிறகு

என் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கதவு உள்பலகைகள் ஈரத்தில் ஊறி ஓரமெல்லாம் உப்பிப்போயிருந்தன. மாற்றாக வாங்கிய செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது வினைல் வேலைதான். வெப்பத்தில் அழுத்திய கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன, மூலைகளில்கூடச் சுருக்கம் இல்லை. பின்பலகையும் நீர் உறிஞ்சாத ஏபிஎஸ் பிளாஸ்டிக். தாராளமாக வாங்கலாம்.

குறை துளைகளில். பலகையைக் கதவோடு பிடித்துவைக்கும் கிளிப்புகளுக்கான துளைகள் கச்சிதம், ஆனால் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கான துளை 3 மி.மீ. தள்ளியிருந்தது. வட்ட அரத்தால் மெதுவாக ராவினால் சரியாகிவிடும்; கத்தியை வைத்தால் வினைல் கிழியும். கிளிப்புகள் செட்டோடு வருவதில்லை. பழையவை துருப்பிடித்து வளைந்திருந்தால் பலகை ஓரிடத்தில் தூக்கிக்கொண்டே நிற்கும், புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி அடித்துளைகள் வழியாகத்தான் வெளியேறும். பழைய பலகைகள் கெடுவதே அதனால்தான். எனவே பலகையைப் பொருத்தும் முன் கதவுத் தகட்டின் மேல் பாலித்தீன் தாளை ஒட்டுங்கள்; அதன் கீழ் ஓரத்தைத் தகட்டின் உள்பக்கம் செருகிவிட்டால் நீர் கதவுக்குள்ளேயே விழும். இவ்வளவு முக்கியமான விஷயம் செட்டோடு வந்த குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. விற்பவர்கள் அதைச் சேர்த்தே ஆகவேண்டும்.