முதல் வேலை ஆஃபர்: ஃபிக்ஸ்ட், ஜாயினிங் போனஸ், பாண்டு – எதைப் பேசுவது?

ஓ.எம்.ஆரில் ஒரு நடுத்தர மென்பொருள் கம்பெனி, பி.இ. முடித்தவருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் லெட்டர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணை வேறு கணக்குச் சொல்லும்.

பேசிக் பாதி, அதாவது மாதம் 25,000 என்றால், கம்பெனி கட்டும் 12% பி.எஃப். ஆண்டுக்கு 36,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81% போட்டிருப்பார்கள், அது 14,430. வேரியபிள், அதாவது வேலையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் பகுதி 60,000, இன்ஷூரன்ஸ் ஒரு 10,000. இவை போக மாதச் சம்பளம் 40,000-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் பங்கு பி.எஃப். 3,000 பிடித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 37,000. வருமான வரிக் கவலை வேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை.

இந்த அட்டவணையில் எந்தத் தொகையை மாற்றச் சொல்லிக் கேட்பது? கேம்பஸில் நூறு பேரை மொத்தமாக எடுக்கும் பெரிய கம்பெனி என்றால் இந்தக் கேள்வியே எழாது. பேட்ச் முழுக்க ஒரே சம்பளம், ஹெச்ஆருக்கே அதை மாற்ற அதிகாரம் இருக்காது. ஆஃப்-கேம்பஸ், இன்டர்ன்ஷிப் வழியாக வந்த வேலை, சின்ன கம்பெனி, ஸ்டார்ட்அப் ஆகியவற்றில்தான் பேச இடம் உண்டு.

எல்லாரும் முதலில் கேட்பது ஃபிக்ஸ்ட், அதாவது நிலையான சம்பளத்தில் உயர்வு. லாபமும் அதில்தான். 50,000 ஃபிக்ஸ்டில் கூடினால், ஆண்டுக்கு 10% ஹைக் என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் 1,65,500 ஆகிவிடும். அடுத்த கம்பெனி பழைய சி.டி.சி.யைக் கேட்கும்போதும் அது கூடவே வரும். ஜாயினிங் போனஸாக, அதாவது சேரும்போது தரும் தொகையாக வாங்கினால் அதே 50,000 ஒரு முறையோடு சரி. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடு என்ற நிபந்தனையும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஹெச்ஆருக்குப் பிடித்தது இதுதான், மற்ற ஃப்ரெஷர்களின் சம்பளத்தோடு மோதாது. திருநெல்வேலியிலிருந்து வந்து பி.ஜி. விடுதிக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியவருக்கு உதவும். எப்போது கையில் வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து வந்தால் அட்வான்ஸுக்கு ஆகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. வேரியபிளை ஃபிக்ஸ்டில் சேர்க்கச் சொல்வது. சி.டி.சி. அதே 6 லட்சம்தான் என்பதால் மேலிடத்தில் அனுமதி வாங்குவது ஹெச்ஆருக்குச் சுலபம். பேசிக் மாறாவிட்டால் உங்களுக்கு மாதம் 5,000 முழுசாகக் கூடும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் லெட்டரில் பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால் என் வரிசை மாறும். இரண்டு வருடம், மீறினால் ஒன்றரை லட்சம் என்று இருக்கும்போது மாதம் இரண்டாயிரம் கூட்டி வாங்கி என்ன பயன்? ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தேர்வு நடத்தி ஆளெடுக்கும் பொதுத்துறை வங்கி. எல்லா கம்பெனிக்கும் அப்படியே பொருந்திவிடாது, இருந்தாலும் சும்மா காகிதம் என்று நினைக்க முடியாது. காலத்தை ஒரு வருடமாகக் குறைக்கக் கேளுங்கள். முடியாது என்றால், வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால், அந்த ஆஃபரே வேண்டாம்.

கேட்கும் விதத்திலும் இரண்டு உண்டு. வேறு ஆஃபர் இருந்தால் தொகையோடு சொல்லலாம். இல்லாததை இருப்பதாகச் சொன்னால், “அந்த லெட்டரை அனுப்புங்க” என்ற ஒரே மெயிலில் கதை முடிந்துவிடும். கையில் வேறு எதுவும் இல்லையா? “சேர எனக்கு முழு விருப்பம் மேடம். இன்டர்ன்ஷிப்பில் இதே வேலையை ஆறு மாசம் பார்த்திருக்கேன். வேரியபிளை ஃபிக்ஸ்டில் சேர்க்க முடியுமா?” என்று போனில் ஒரு முறை கேட்டால் போதும். மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அபூர்வம். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு கேட்பதுதான் கெட்ட பெயர்.

“இப்போ முடியாது, ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணிடலாம்” என்று பதில் வரலாம். சரி என்று சொல்லிவிட்டு, அதை ஆஃபர் லெட்டரில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேளுங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் அந்த ரிவ்யூவைக் கணக்கில் வைக்காமல் முடிவெடுங்கள்.