லூப் ஹேபிட் டிராக்கர்: ஒரு நாள் தவறினால் தண்டிக்காத செயலி

பழக்கங்களைப் பதிவுசெய்யும் கைபேசிச் செயலிகளில் பல, தொடர்ந்து எத்தனை நாள் செய்தோம் என்ற ஒற்றை எண்ணை முன்னால் நிறுத்தியே நம்மை ஓட வைக்கின்றன. மாதக்கணக்கில் விடாமல் நடைப்பயிற்சி சென்றவர் காய்ச்சலில் ஒரு நாள் படுத்துவிட்டால், பரமபதத்தில் பாம்புக் கட்டத்தை மிதித்தவரைப் போல அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ‘எல்லாம் போயிற்று, இனி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான லூப் ஹேபிட் டிராக்கரை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், இந்த இடத்தில் அதன் கணக்கு வேறு விதமானது என்பதுதான்.

ஒவ்வொரு பழக்கத்துக்கும் இச்செயலி ஒரு மதிப்பெண் தருகிறது. தினமும் செய்யவேண்டிய ஒன்றைத் தவறாமல் செய்துவந்தால் ஒரு மாதத்தில் அது ஏறத்தாழ 80 விழுக்காட்டையும், இரண்டு மாதத்தில் 96 விழுக்காட்டையும் எட்டும். அதன்பின் ஏற்றம் மிக மெதுவாகிவிடும். 96இல் இருக்கும்போது ஒரு நாள் தவறவிட்டால் மதிப்பெண் 91 அளவுக்குத்தான் இறங்குகிறது. அடுத்தடுத்துத் தவறவிட்டால் சரிவும் சேர்ந்துகொண்டே போகிறது. விட்டதற்கு விலை உண்டு, ஆனால் சேர்த்தது கைவிட்டுப் போவதில்லை. தொடர் நாள்களின் எண்ணிக்கையும் உள்ளே இருக்கிறது என்றாலும், பட்டியலில் பழக்கத்தின் பெயருக்கு இடப்பக்கம் நிற்கும் சிறு வளையம் காட்டுவது இந்த மதிப்பெண்ணைத்தான்.

இந்த அணுகுமுறைக்கு ஆய்வின் துணையும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாகப் படிவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், அதன் இடைநிலை 66 நாள் என்றும் மதிப்பிட்டார்கள். ஒரே ஒரு முறை தவறவிடுவது இந்தப் படிதலைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ‘21 நாளில் எதையும் பழக்கமாக்கலாம்’ என்று மேடைக்கு மேடை சொல்பவர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பயன்பாட்டுக்கு வருவோம். புதிய பழக்கத்தைச் சேர்க்கும்போது அதன் பெயரோடு ஒரு கேள்வியையும் தமிழிலேயே எழுதிவைக்கலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர் ‘இன்று நடப்பு நிகழ்வுகள் படித்தாயா?’ என்று எழுதி இரவு ஒன்பது மணிக்கு நினைவூட்டல் வைத்தால், அந்த வரி அப்படியே கைபேசியின் அறிவிப்பில் வந்து நிற்கும். செயலியைத் திறக்காமலே அங்கேயே பதில் தட்டிவிடலாம். தினமும் என்று மட்டுமல்லாமல், வாரத்துக்கு மூன்று முறை, மாதத்துக்கு இத்தனை முறை என்றும் இலக்கு வைக்கலாம் என்பது உடற்பயிற்சி செய்பவர்களுக்குப் பெரிய வசதி. ஆம், இல்லை என்று முடியாதவற்றுக்கு அளவு குறிக்கும் வகை தனியாக இருக்கிறது. ‘குறைந்தது பத்துப் பக்கம்’ என்று வைப்பதைப் போலவே ‘அதிகபட்சம் இரண்டு காபி’ என்றும் வைக்கலாம்.

வரைபடங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது, வாரத்தின் எந்தக் கிழமையில் எத்தனை முறை செய்தோம் என்பதைப் புள்ளிகளின் பருமனால் காட்டும் படம். என் நடைப்பயிற்சிக்குரிய படத்தில் ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள் கடுகளவே இருந்தன. விடுமுறை நாளில்தான் நிறைய நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அலுவலக நாளின் கட்டுக்கோப்புத்தான் என்னை நடக்க வைத்திருக்கிறது என்பது அதைப் பார்த்த பிறகே புரிந்தது.

செயலி இலவசம்; விளம்பரம் இல்லை; திறந்த மூல மென்பொருள், அதாவது இதன் நிரலை யாரும் பார்க்கலாம்; கணக்குத் தொடங்கும்படி கேட்பதில்லை; இணையம் இல்லாமலும் இயங்கும். குறைகளும் உண்டு. ஐபோனுக்கு இது கிடையாது. குறிப்புகள் இணையச் சேமிப்புக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், இரண்டு கருவிகளில் ஒரே பட்டியலை வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் கைபேசிகளில் நினைவூட்டல் வராமல் போகலாம். கைபேசியின் அமைப்புகளில் இச்செயலிக்கு விலக்கு அளித்துவிடுவது நல்லது. பட்டியலில் குறியிட விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதும் தொடக்கத்தில் சலிப்பூட்டும், ஆனால் அதைச் செயலியின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த நேரத்தில், எந்த வேலையை முடித்த கையோடு இதைச் செய்யப்போகிறோம் என்பதை மட்டும் எந்தச் செயலியும் நமக்காகத் தீர்மானித்துத் தராது. அதைத் தீர்மானிக்காமல் முதல் நாளிலேயே பதினைந்து பழக்கங்களைப் பட்டியலிடும் ஆரம்பசூரத்தனத்தையும் லூப் தடுப்பதில்லை. இரண்டு அல்லது மூன்றோடு தொடங்குவதே உசிதம். கைபேசியை மாற்றுவதாக இருந்தால், அமைப்புகளில் உள்ள முழுக் காப்புப்பிரதியை எடுத்துப் புதிய கருவியில் ஏற்றிச் சரிபார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.