இருபது கொண்டை ஊசி வளைவு: வீட்டு அம்பாசடரா, ரேஸ் புகாட்டியா?

பழைய கார் பேச்சு வந்தால் என் தம்பி புகாட்டி டைப் 35 என்ற அந்தக்கால ரேஸ் காரின் கட்சி. நான் எங்கள் வீட்டில் இருந்த அம்பாசடர் மார்க் 4 கட்சி. புகாட்டியை இருவருமே தொட்டதுகூட இல்லை, அதனால் சண்டைக்குக் குறைவில்லை. சரி, நடுவர் யார்? சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் ரோடுதான். இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்.

ஏற்றத்தில் பேச்சே இல்லை. 1924இல் வந்த டைப் 35க்கு எட்டு சிலிண்டர், 1991 சிசி, சுமார் 90 குதிரைத்திறன். எடை 750 கிலோ அளவுதான். அம்பாசடருக்கு 1489 சிசி, 50 குதிரைத்திறன் பக்கம், எடை ஒரு டன்னுக்கு மேல். அதற்குள் அம்மாயியோடு எட்டுப் பேர், புளிசோற்றுத் தூக்கு வேறு. தம்பிக்கு ஒரு பாயிண்ட்.

கியரில்தான் கதை மாறும். அம்பாசடரின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து கியரை உரசாமல் விழவைக்கும் அமைப்பு, கிடையாது. வளைவில் இரண்டாவது கியர் திணறினால், வண்டி ஓடும்போதே முதலுக்கு இறக்குவது லேசில்லை. அப்பா கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார். கிளட்சை விட்டு ஒரு உறுமல். மறுபடி மிதித்து, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் தண்டை நகர்த்துவார். கறகறவென்று சத்தம் வராவிட்டால் பின்சீட்டிலிருந்து அம்மாயி, "விழுந்திருச்சா?" என்பார். புகாட்டியில் எந்தக் கியருக்குமே சிங்க்ரோ இல்லை, கியர் தண்டு வண்டிக்கு வெளியே வலப்பக்கம் நிற்கும். ரேஸ்காரர்கள் செய்த அதே இரட்டை கிளட்சை அப்பா வேட்டி கட்டிக்கொண்டு செய்தார். இந்தப் பாயிண்டை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மே மாத வெயிலில் பாதி மலைக்குள் அம்பாசடரின் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் இருமும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் குரங்குகளோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ரேஸ் இன்ஜினுக்கு வேறு வியாதி, மெல்ல ஊர்ந்தால் பிளக்கில் எண்ணெய் படியும். கோடை விழா நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டினால் அதுவும் இருமும்.

இறக்கத்தில் அம்பாசடருக்கு எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக், புகாட்டிக்கு வெறும் கேபிள் பிரேக். ஆனாலும் அத்தனை எடையைப் பிடித்துப் பிடித்து எங்கள் பிரேக் டிரம் கருகிய நாற்றம் அடிவாரம் வந்தும் போகாது. புகாட்டியில் அலுமினியச் சக்கரமும் டிரம்மும் ஒரே வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், உள்ளே பிரேக் லைனிங் தேய்ந்திருப்பது கண்ணுக்கு நேரே தெரியும். இதற்காக நானே அரை பாயிண்ட் கொடுத்தேன்.

ரிப்பேரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்பாசடர் 2014 வரை தயாரான வண்டி, பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். புகாட்டிக்கு விலையே கோடிகளில்.

"வரும்போது வாங்குகிற ரெண்டு பலாப்பழத்தை எங்கே வைப்பாய்?" என்று கேட்டேன். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒடுங்கி உட்காரத்தான் அதில் இடம். தம்பி கொஞ்சம் யோசித்தான்.

"பலாப்பழம் என்கூட வரட்டும்ணா. அம்மாயியை நீ கூட்டிட்டு வந்துரு."