முழுத் திட்டமா, சிறு சுற்றுகளா?

எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவது ஒரு வழி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பகுதியை முடித்துக் காட்டி, பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்ததைத் தீர்மானிப்பது இன்னொரு வழி.

அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இரண்டையும் பார்த்துவிட்டது. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் அதன் முதல் முயற்சியில், மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் தேவைகள் ஆவணமே 800 பக்கங்களைத் தாண்டியது. அப்படியும் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. சுமார் 17 கோடி டாலர் கரைந்தபின் 2005-இல் அதைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த 'சென்டினல்' திட்டமும் இழுத்தடித்தது. 2010-இல் எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கையில் எடுத்து, சிறிய குழுவுடன் குறுகிய சுற்றுகளில் வேலை செய்தது. 2012-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடும் மென்பொருள் கண்முன் இருந்தால், '90 சதவீதம் முடிந்தது' என்ற வழக்கமான பூசி மெழுகல் எடுபடாது.

கான்கிரீட் விஷயத்தில் கதை வேறு. சிட்னி ஓப்பரா ஹவுஸில் கூரை வடிவமைப்பு முடிவாகும் முன்பே 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கினார்கள். பிறகு தூண்கள் கூரையைத் தாங்காது என்று தெரிந்து அவற்றை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு, 1973-இல் 10.2 கோடியாக முடிந்தது.

என் கணக்கு எளிது: பின்னால் மாற்றச் செலவு அதிகமென்றால் முழுத் திட்டம், இல்லையென்றால் சிறு சுற்று. ஆனால் புதிது புதிதாக வரும் கோரிக்கைகளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லாத இடத்தில் இரண்டுமே உருப்படாது.