பிரிவைப் பழக்கிய பிறகே நாயை ஏற்கும் காப்பகம்

எங்கள் செம்பி, தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த 4 வயது நாட்டு நாய். நாங்கள் வாசற்கதவைப் பூட்டிய சில நிமிடங்களுக்குள் மூச்சிரைக்க, எச்சில் வழிய, கதவைப் பிறாண்டத் தொடங்கிவிடுவாள். அதனால் குடும்பத்தில் ஒருவராவது எப்போதும் வீட்டில் தங்கிவந்தோம். அண்ணன் மகளின் திருமணத்துக்காக 6 நாட்கள் எல்லோரும் திருநெல்வேலி செல்ல வேண்டியிருந்தபோதுதான், கோவைப் புறநகரில் ஒரு தம்பதியர் தம் வீட்டோடு சேர்த்து நடத்தும் இந்தக் காப்பகத்தை நாடினோம்.

ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிப் பதிவுகளைப் பார்த்த பிறகும் அவர்கள் உடனே நாள் குறிக்கவில்லை. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், அதன்பின் ஓர் இரவு என்று 3 வாரங்களில் 5 முறை செம்பியை அங்கே விட்டு அழைத்துச் செல்லச் சொன்னார்கள். வீண் செலவென்றே எனக்குத் தோன்றியது. ஆனால் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை நாய்க்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, பலமுறை நடந்து பார்த்த பிறகே அது நம்பும். ஒவ்வொரு முறையும் அவளுடைய பதற்றம் முற்றுவதற்கு முன்பே எங்களை வரவழைத்ததில் அவர்களின் அனுபவம் தெரிந்தது. நெடுநேரம் கொஞ்சி விடைபெறக் கூடாது என்றும், துவைக்காத பழைய புடவை ஒன்றையும் அவள் வழக்கமாக உண்ணும் உணவையும் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறினார்கள். தயிரை உள்ளே உறையவைத்த ரப்பர் பொம்மையை அவள் நக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இயல்பாக வெளியேறினோம்.

நாங்கள் திருநெல்வேலி சென்ற அன்றிரவு மட்டும் அவள் உண்ணவில்லை. மறுநாள் காலையில் கோழிச்சோற்றைத் தின்று முடித்த காணொளி வந்தபோதுதான் எனக்கும் சோறு இறங்கியது.

குறையும் உண்டு. இரண்டாம் நாள் எங்களை வீடியோ அழைப்பில் பேசவைத்தார்கள். குரலைக் கேட்ட செம்பி எங்களைத் தேடி அறை அறையாக அலைந்து, வெகுநேரம் முனகியிருக்கிறாள். பதிவு செய்த காணொளியே போதும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவில் 8 நாய்களுக்கு ஒருவர் மட்டுமே இருப்பதும் போதாது.

கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பதறும் நாயை, கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் இங்கே மட்டுமல்ல, எங்குமே விடக் கூடாது. இந்தப் பதற்றத்துக்கென 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரைகூட, பழக்கப் பயிற்சியோடு சேர்த்துத் தருவதற்கே அனுமதிக்கப்பட்டது.

நாளொன்றுக்கு 700 ரூபாய். பழக்க நாட்களுக்குப் பாதிக் கட்டணம். தீபாவளிக்கு விட நினைப்பவர்கள் அந்த 3 வாரங்களையும் கணக்கில் கொண்டு, ஆவணி முடிவதற்குள் பேசிவிடுவது நல்லது.