கொடி அடுப்பா, புகைபோக்கி அடுப்பா?

எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் இன்னும் விறகுதான். அம்மா களிமண்ணில் போட்ட கொடி அடுப்பு ஒன்று, குழாய் வைத்த புகையில்லா அடுப்பு ஒன்று.

கொடி அடுப்பில் ஒரே தீயில் முன்னால் சோறு வேகும், மீதிச் சூட்டில் கொடியில், அதாவது அதோடு சேர்ந்த இரண்டாவது கண்ணில், ரசம் கொதிக்கும். விரிசல் விட்டால் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசினால் போதும். ஆனால் புகை முழுக்க ஊதுகிறவர் முகத்துக்குத்தான். தணலும் லேசுப்பட்டதில்லை: கண்ணுக்குப் புகை தெரியாது, ஆனால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அடைத்த அறைக்குள் அது வேண்டவே வேண்டாம்.

1980களில் அரசுத் திட்டமாகப் பரவிய புகையில்லா அடுப்பு அந்தப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடும். சரி, குழாயை யார் பார்ப்பது? ஈர விறகு எரித்தால் உள்ளே தார் மாதிரி கரி அப்பிக்கொள்ளும். அதுவே தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு மழைக்காலம் சுத்தம் செய்யாமல் விட்டோம். இரண்டாவது கண் வழியாகப் புகை திரும்பி வந்து, வெள்ளையடித்த சுவரெல்லாம் கறுத்துவிட்டது. இப்போது மாதம் ஒரு முறை, அடுப்பு நன்றாக ஆறியபின், நீளக் கழியில் சாக்கைச் சுற்றி இழுக்கிறோம். ஓலைக்கூரை என்றால் குழாய் ஓலையைத் தொடாமல் சுற்றிலும் தகரம் வைத்தாக வேண்டும்.

சமையலறைக்குள் என்றால் நான் குழாய் அடுப்புக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கொடி அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டோம். சாம்பலை மட்டும் இரண்டிலும் மறுநாள்தான் அள்ளுவோம், தகர வாளியில்.