கையெழுத்தா, கால்பட்டையா, கம்பியா: கடலுக்குப் போகிறவருக்கு எது தோது?

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் ஜெட்டிக்குத் திரும்பும். ‘தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்’ என்ற நிபந்தனையோடு ஜாமீனில் வந்தவர் அந்தப் படகில் ஏற முடியாது. நாட்டுப்படகுக்காரர் கதை வேறு. சாயங்காலம் வலையோடு போவார், விடியலில் மீனை ஏலத்துக்கு விடுவார், குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்கு ஸ்டேஷனில் நிற்பார். ஜெட்டியில் நடந்த ஒரே அடிதடி, ஒரே எஃப்.ஐ.ஆர்., உத்தரவும் ஒன்றுதான். ஒருவருக்கு அது தொந்தரவு, இன்னொருவருக்கு அடுப்பு எரியாது.

ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஜாமீன் மனு டைப் செய்வதும், ஜாமீன்தாரர்களை வரிசையில் நிற்க வைப்பதும் என் பிழைப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்களின் காலில் ஜிபிஎஸ் கருவி மாட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஜெயிலுக்கு அது மாற்று என்கிறார்கள். எங்கள் கரையில் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிற வழிகளோடு அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: வழக்கு முடியும்வரை ஆள் தொழிலுக்குப் போக முடியுமா, வாய்தாவுக்கும் தவறாமல் வருவாரா?

முதலில் கம்பி. இந்தியச் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479ஆம் பிரிவு கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. முன்பு எந்தத் தண்டனையும் பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் அவரை ஜாமீனில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒருவர் மேல் வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. நல்ல பிரிவுதான். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைப் பிடித்து மாட்டினால் அதிகபட்சம் ஏழு ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு ஆண்டு நான்கு மாதம். அதுவரை படகில் அவர் இடத்தில் வேறு ஆள் ஏறியிருப்பார், படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும் அப்படியே நிற்கும்.

அடுத்தது ஷூரிட்டி, அதாவது இரண்டு பேர் ஜாமீன் போடுவது. ஏட்டில் எளிது. நடைமுறையில் பட்டா வேண்டும், சொத்து வரி ரசீது வேண்டும், கையெழுத்துப் போடுகிறவரும் கோர்ட்டுக்கு வந்து அரை நாள் கூலியை விட வேண்டும். கடலோரக் குடியிருப்புகளில் புறம்போக்கில் வீடு கட்டி இரண்டு தலைமுறையாக இருப்பவரிடம் பட்டாவுக்கு எங்கே போவது? அவர் வைத்திருக்கும் வல்லத்துக்கும் எஞ்சினுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் கோர்ட் கேட்கும் காகிதம் அதுவாக இருப்பதில்லை. கடைசியில் கூலிக்கு ஜாமீன் போடும் ஆளைத் தேடுகிறார்கள். அவரை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருப்பார்கள். அவர் ஆளை எப்படி வாய்தாவுக்கு இழுத்து வருவார்?

1978இலேயே மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவர் அண்ணன்தம்பி ஜாமீன் போட வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது: உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம், ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். அதே ஆண்டில் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தையும் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகைக்குக் கிடைக்கும் என்று அப்போது வைத்தார்கள். ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே மனு எழுதிக்கொண்டு ஓட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒருவர்தான் பல வீடுகளில் இருப்பதில்லை.

கையெழுத்து நிபந்தனைக்கு வருகிறேன். இதை நான் குறைசொல்லத் தொடங்கினாலும் மனதுக்குள் இதன்மேல் ஒரு மரியாதை உண்டு. காசு இல்லை, கருவி இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆள் ஊரில் இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். கோளாறு நேரத்திலும் இடத்திலும்தான். சில உத்தரவுகளில் மதுரையில் தங்கிக் கையெழுத்திட வேண்டும் என்று வரும். லாட்ஜ் வாடகை, சாப்பாடு என்று தினமும் செலவு, கையில் வேலை இல்லை. உள்ளே இருந்தாலாவது சோறு போட்டிருப்பார்கள் என்று ஒருவர் என்னிடமே சொன்னார், சிரிக்காமல்.

நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம், போடுகிறோம். அதற்கும் வக்கீல், பிரமாணப் பத்திரம், தேதி.

சரி, இப்போது கால்பட்டை. என் கூட வேலை பார்ப்பவர் இதற்குக் ‘கவர்மெண்ட் கொலுசு’ என்று பெயர் வைத்திருக்கிறார். 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரத்து நீதிபதி ஜாக் லவ் ஒரு சித்திரக்கதையைப் பார்த்து யோசனை வந்து தொடங்கிவைத்தது இது. இன்று அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இல்லினாய் 2023 செப்டம்பர் 18 முதல் பணம் கட்டி வெளியே வரும் ஜாமீனையே அடியோடு ஒழித்தது; அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். ஆனால் கால்பட்டையை ஒழிக்கவில்லை. அதை மாட்டி வீட்டில் இருப்பவருக்குக் கடை கண்ணிக்கும் சொந்த வேலைக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வெளியே போக நேரம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கலிபோர்னியா 2018இல் பண ஜாமீனை ஒழிக்கச் சட்டம் போட்டது, 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் அது தோற்றது. இன்னொன்று, அங்கே பல இடங்களில் கருவிக்கான தினசரிக் கட்டணத்தை மாட்டியிருப்பவரிடமே வசூலிக்கிறார்கள். கட்ட முடியாதவருக்கு அது இன்னொரு கடன், சில சமயம் மறுபடி ஜெயில்.

இங்கே? 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், பயங்கரவாத வழக்கில் ஜாமீனில் வந்த ஒருவருக்கு இதை மாட்டியது; நாட்டில் முதல் தடவை. அதே ஆண்டு மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், கருவி மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் கைதிக்குச் சிறை விடுப்பு தரலாம் என்கிறது. அது விடுப்பில் போகிறவருக்கு. ஜாமீனில் வருகிறவருக்கு அல்ல. பி.என்.எஸ்.எஸ்.ஸின் ஜாமீன் பிரிவுகளில் இதைப்பற்றிப் பேச்சே இல்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 268ஆவது அறிக்கையில், கொடிய குற்ற வழக்குகளில் மிகுந்த எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்று மட்டும் சொன்னது. 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் அந்தரங்க வாழ்க்கைக்குள் போலீஸ் எப்போதும் எட்டிப்பார்க்க வழி செய்யும் நிபந்தனை செல்லாது என்பது அதன் காரணம். நாளைக்கு ஒரு மாநிலம் கால்பட்டைச் சட்டம் போட்டால் இந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், கடலைப் பார்ப்போம். இந்தக் கருவி செயற்கைக்கோளிடமிருந்து தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். அதைக் கண்காணிப்பு அறைக்குச் சொல்வது செல்போன் டவர் வழியாக. கரையை விட்டு விலகினால் டவர் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனுக்கு இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வருவதை நாங்கள் வேடிக்கையாகக் காட்டிக்கொள்வோம். கருவி அந்த டவரைப் பிடித்தால் கண்காணிப்பு அறையில் இருப்பவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வாரா? ஆள் தலைமன்னாருக்குத் தப்பிவிட்டார் என்று பிடிவாரண்ட் கேட்பாரா?

அப்புறம் சார்ஜ். தினமும் பட்டை மாட்டிய காலைச் சுவர்ப் பக்கம் நீட்டி உட்கார வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் கடலில் கிடப்பவருக்கு அது எப்படி? உப்புத் தண்ணீரும் டீசலும் பட்டு எது எத்தனை நாள் தாங்கும் என்பது படகில் ரேடியோ வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். கீழக்கரையில் சங்கு குளிக்கப் போகும் ஒரு காக்காவிடம் (அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்போம்) இதைச் சொன்னபோது, “தம்பி, தண்ணிக்குள்ள போனா அது என்னைய எப்படிப் பாக்கும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. தண்ணீருக்கு அடியில் ஜிபிஎஸ் சிக்னல் வராது. அவர் முங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அறையில் ஆள் காணாமல் போவார்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு இதில் வேறு சங்கடம். கழுத்தளவு தண்ணீரில், பாறை வெட்டாமல் இருக்கக் காலில் துணி சுற்றி இறங்குகிறார்கள். கால்பட்டையோடு கரையேறினால் ஊர் பார்க்கும். கையெழுத்துக்குப் போவதை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். காலில் கிடப்பதை என்ன சொல்வது?

கால்பட்டையோடு இரவில் வெளியே போகக் கூடாது என்ற உத்தரவும் சேர்ந்து வருவது வெளிநாடுகளில் வழக்கம். அப்படி வந்தால் முதலில் சொன்ன கணக்கு அப்படியே புரண்டுவிடும். கையெழுத்தில் தப்பித்த நாட்டுப்படகுக்காரர் இரவு வலையை இழப்பார். விசைப்படகுக்காரருக்கோ அப்போதும் கடல் இல்லை.

இத்தனை சொன்னாலும் கால்பட்டையை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஜாமீனே கிடைக்காமல் இரண்டு ஆண்டு உள்ளே கிடக்கப்போகிறவர், கரையில் வலை பின்னிக்கொண்டோ ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டோ பிள்ளைகளோடு இருக்க அது வழி என்றால், மாட்டட்டும். என் பயம் வேறு. கையெழுத்தோடு வெளியே வந்திருக்க வேண்டியவருக்கும், வசதியாக ஒரு கருவி இருக்கிறதே என்று அதையும் மாட்டிவிடுவார்கள். அப்போது ஜெயிலில் ஓர் ஆள்கூடக் குறைந்திருக்க மாட்டார், வெளியே கட்டுண்டவர்கள் மட்டும் கூடியிருப்பார்கள். சிறைத்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது; தமிழ்நாடு நினைத்தால் சட்டம் எழுதலாம். எழுதினால், ஜாமீன் மறுக்கப்படும் நிலையில் இருப்பவருக்கு மட்டும் என்றும், செலவு அரசுடையது என்றும், கழற்றும் நாள் இது என்றும் எழுதட்டும். டவர் இல்லாததைத் தப்பியோட்டமாக எண்ணக் கூடாது என்று ஒரு வரி எங்களுக்காக.

வீட்டுக் காவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீமா கோரேகான் வழக்கில் சமூகச் செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகாவுக்கு 2022இல் அதை அனுமதித்தார்கள். 2024இல் ஜாமீன் கொடுத்தபோது அந்தக் காவல் செலவுக்காக 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். எங்கள் கரையில் அந்தக் காசுக்குப் படகு வாங்கலாம்.

சமூக சேவையையும் நன்னடத்தை விடுதலையையும் இதே பட்டியலில் சேர்த்துப் பேசுகிறார்கள். அவை குற்றம் உறுதியான பிறகு வருபவை. சமூக சேவை, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை என்று ஆறு குற்றங்களுக்குத்தான். நன்னடத்தைக்கு 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1930களில், மதராஸ் மாகாணம் தனக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான இன்னொரு முறை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் இலங்கை கோர்ட்டில் முதலில் விளக்கமறியல், அதாவது விசாரணைக் காவல். பிறகு முதல் தடவை என்றால் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கெடுவுக்குள் மறுபடி சிக்கினால் பழையதும் சேர்ந்துகொள்ளும். காலில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தத் தேதி முடியும்வரை, அந்தத் திசையில் வலை விடும்போது சுக்கான் பிடிக்கிறவரின் கை தானாகவே கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும் என்கிறார்கள்.

என் தேர்வு கேட்டால், ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பத்திரம், வாரம் ஒரு கையெழுத்து, வாய்தாவுக்கு முந்தின நாள் ஒரு போன். தேதி மறந்து போய் பிடிவாரண்ட் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஓடிப்போனவர்களைவிட. போன மாதம் ஒரு விசைப்படகுத் தொழிலாளிக்கு இப்படித்தான் தளர்வு மனு போட்டோம்: மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தினமும் கையெழுத்து, மற்ற நாட்களில் ஞாயிறு மட்டும். “ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குப் போக வேண்டாமா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட். எங்கள் தொழிலாளி தங்கச்சிமடத்துக்காரர்தான், போக வேண்டும். பூசை முடிந்து பதினோரு மணி என்று பேனாவால் திருத்தி வாங்கிக்கொண்டு வந்தோம்.